ஒரு பேருக்கு ரெண்டு கல்

ஏப்ரல் 30, புதன்

சர்க்கரை அளவை எழுதச் சொல்லி மருமகள் இந்துமதி இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறாள். காலை 168. எழுதியாச்சு. மிச்ச இடத்தில் நான் என்ன எழுதினால் அவளுக்கென்ன? என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, படிக்கவே முடியவில்லை என்று போன வருஷம் மகன் என்னிடம் போனில் பேசும்போது பின்னாலிருந்து சொன்னாள். எனக்குக் கேட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நிறுத்தினது யார், எந்தக் கிழமை, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மகன் செண்பகராஜ் அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறான் என்று சங்கரன்கோவில் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் வாங்கினதை அவன் சொல்லவில்லை. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாய் வெள்ளைக் கல். கேட்டால், "சுடுகாடு இல்லம்மா, பட்டாளத்துக்காரங்க கல்லறை. அமைதியா இருக்கும்ல" என்கிறான். இருக்கும். அங்கே சண்டைக்கு வர யார் மிச்சம்?

மே 1, வியாழன்

இட்லி கல். குளிரில் மாவு பொங்கவில்லையாம். மாவைக் குறை சொல்கிறாள்.

மே 3, சனி

பின்பக்க வேலியில் சேலையைக் காயப்போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். தொப்பி, முத்துமாலை, காலில் பளபளவென்று செருப்பு. கறுப்பினத்துக்காரி, எழுபத்தைந்து வயது இருக்கும். பேர் கிளாரிஸாம், இந்தத் தெருச் சங்கத்துத் தலைவியாம். வெளியே துணி காயப்போடக் கூடாது என்று தெருவில் சட்டமாம். அதை இந்துவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் பக்கம் திரும்பி, காது கேட்காத குழந்தையிடம் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னாள். கடைசியில் கன்னத்தைத் தட்டினாள்.

என் கன்னத்தை என் புருஷன்கூடத் தட்டினதில்லை. இடது கன்னம். குறித்து வைக்கிறேன்.

அவள் போனதும் அடுத்த வீட்டு வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். அங்கே இருக்கும் லவீனியா அம்மாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், இவளும் கறுப்பினத்துக்காரி, ஒல்லியாய் உயரமாய் இருப்பாள். தனியாக இருக்கிறாள். வேலியில் கிடந்த சேலையை அவளே எடுத்து, தன் வீட்டு வேலியில், தெருவுக்கு நன்றாகத் தெரிகிற பக்கமாக விரித்துப் போட்டாள். எங்களுக்குள் பாஷை தேவைப்படவில்லை.

மே 9, வெள்ளி

சர்க்கரை 151. இந்து நம்பவில்லை, மறுபடி குத்தினாள். 149.

லவீனியா அக்கா போனை நீட்டினால் அது தமிழில் பேசுகிறது. "தங்கள் வருகை எமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது" என்று ரேடியோ செய்தி மாதிரி. அக்கா கேட்டது காபி வேண்டுமா என்றுதான்.

இன்று இந்துவையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குள் போனோம். முன்னால் கொடிமரம், பூச்செடி, பேர் வெட்டின கல்லெல்லாம். கடைசியில், மதில் ஓரமாக ஒரு தனிப் பகுதி. அங்கே கறுப்பினச் சிப்பாய்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கல்லில் பேர் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கல்லில் நம்பர் மட்டும்.

இந்து கேட்டுச் சொன்னாள். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்காரர்களே ரெண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட சண்டையாம். அடிமைகளை விடுவதா வேண்டாமா என்று. அக்காவின் பூட்டன் ஐசம் டாக்கெட் பருத்திக் காட்டிலிருந்து தப்பி ஓடி வந்து, அடிமைத்தனத்துக்கு எதிரான பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். துப்பாக்கியில் சாகவில்லை. அம்மை வந்து செத்தார். அங்கங்கே புதைத்தவர்களைச் சண்டை முடிந்ததும் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்தபோது, பேர் எழுதின மரப்பலகை மழையில் அழிந்துவிட்டது. பேர் போய் நம்பர் ஆகிவிட்டார்.

அக்கா ஒரு கல்லைக் காட்டினாள். இதுதான் அவர் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்ததாம், தேவதாரு மரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வா என்று. மரத்தை வெட்டி எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் தெரியுமாம்.

ஒரே பட்டாளத்தில் நின்று செத்தவர்களைப் புதைக்கும்போது மட்டும் ஏன் தனியாக ஒதுக்கினார்கள் என்று கேட்டேன். உங்கள் ஊரில் எப்படி என்று அக்கா திருப்பிக் கேட்டாள். இந்துவும் என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரம் காது சரியாகக் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றேன்.

மே 15, வியாழன்

அதிரசம் சுட்டு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாகு பதம் கொஞ்சம் தப்பினது இந்த ஊர் வெல்லத்தால். அக்கா மூன்று தின்றாள். அங்கே கிளாரிஸும் வந்தாள். வாசலைத் தாண்டி வரவில்லை. அக்காவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற இந்துவைப் பார்த்தே ஏதோ பேசினாள். மரியாதைக்கு ஒரு அதிரசம் நீட்டினேன். ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வீட்டில் போய்த் தின்னவா வைத்தாள்? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. ரெண்டு பேரின் பாட்டிகளும் கூடப்பிறந்த அக்கா தங்கை. ஒரே பூட்டன். நாற்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் அந்தக் கல். அக்கா வீட்டில் மரத்திலிருந்து எண்ணச் சொன்னார்கள். கிளாரிஸ் வீட்டில் மதிலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். அதனால் அவளுக்கு வேறு கல். ரெண்டு கல்லுக்கும் நடுவில் நாலைந்து பேர்தான் படுத்திருக்கிறார்கள்.

நாற்பது வருஷம் என்றதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. என் ஓரகத்தியோடு நான் முப்பத்தொரு வருஷம்தான்.

மே 18, ஞாயிறு

இந்த மாதக் கடைசித் திங்கள் பட்டாளத்துக்காரர்களை நினைக்கிற நாள். எப்போதும் கொடிமரத்தடியில் பேசி, பாடி, கலைந்துவிடுவார்களாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மதில் ஓரத்துப் பகுதியில் நடத்தப் போகிறார்கள். அங்கே நிற்க வேண்டும் என்று இருபது வருஷமாக மனு போட்டு அலைந்தது லவீனியா அக்கா. கமிட்டியில் உட்கார்ந்திருப்பது கிளாரிஸ்.

ஒவ்வொரு சிப்பாயின் பேரையும் கூப்பிடுவார்களாம். சொந்தக்காரர் யாராவது இருந்தால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று "இங்கே" என்று பதில் சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொன்னோமே, அதுபோல. செத்தவருக்காக இருக்கிறவர் சொல்வது. கேட்டதும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஏசி அதிகமாக வைத்திருக்கிறான் செண்பகராஜ்.

சிக்கல் இதுதான். ஒரு பேருக்கு ஒரு கல், ஒரு குரல். ஐசம் டாக்கெட்டுக்கு யார், எந்தக் கல்லில் நிற்பது என்று ரெண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டுமாம். முடியாவிட்டால் கமிட்டி ஆள் சொல்லிவிடுவார். கமிட்டி ஆள் யார்? கிளாரிஸ்.

எங்கள் ஊரில் கோயில் முதல் மரியாதைக்குத் தேரையே நிறுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

மே 22, வியாழன்

கமிட்டி கிளாரிஸையும் அவள் கல்லையுமே சொல்லிவிட்டதாம். அக்கா வரமாட்டாளாம். "தப்பான கல்லுக்கிட்ட நின்னு அவ பதில் சொல்றதைக் கேக்குறதுக்கு, நான் வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டு இருப்பேன்னு சொல்றாங்க அத்தை" என்றாள் இந்து. சொல்லிவிட்டு இந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகரந்தம் ஒத்துக்கொள்வதில்லை அவளுக்கு.

மே 24, சனி

சர்க்கரை 160.

கல்லறையில் மற்ற நாட்களில் எதுவும் வைக்க விடமாட்டார்கள். புல் வெட்டுகிற வண்டியில் மாட்டுமாம். இந்த நாலு நாளைக்கு மட்டும் அனுமதி. இன்று ஊர் ஆட்கள் வந்து கல்லுக்கு ஒரு குட்டிக் கொடி நட்டார்கள். அக்கா தன் கல் முன்னால் ஒரு சங்கு வைத்தாள். வெள்ளைச் சங்கு, உள்ளே ரோஸ் நிறம். செத்தவர்களுக்குச் சங்கு வைப்பது அவர்கள் வழக்கமாம். நாங்கள் ஊதுகிறோம், இவர்கள் வைக்கிறார்கள். கிளாரிஸ் வீட்டு வழக்கம் வேறு. செத்தவர் குடித்த கோப்பையை வைப்பார்களாம். நீலக்கரை போட்ட பீங்கான் கோப்பை ஒன்றை அவள் தன் கல் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பூட்டன் குடித்த கோப்பையா என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அதற்கு எந்தப் பாஷையிலும் அர்த்தம் ஒன்றுதான்.

திங்கட்கிழமைக்கு வரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை.

மே 25, ஞாயிறு

சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேன். இந்து, "தூரமா போயிராதீங்க அத்தை" என்றாள். தூரம் போகவில்லை.

நான் யோசித்தது இவ்வளவுதான். நாளைக்கு "இங்கே" என்று சொல்லப் போவது கிளாரிஸ். அதை மாற்ற முடியாது. சொல்கிறவள் சரியான கல்லில் நின்றாவது சொல்லட்டும். அவள் கோப்பையைப் பார்த்துத்தான் நிற்பாள். அந்தத் தொப்பியோடும் அந்த முட்டியோடும் குனிந்து நம்பர் பார்க்கப் போகிறாளா? அதனால் கோப்பையை எடுத்து அக்கா கல் முன்னால் வைத்தேன். சங்கை எடுத்து கிளாரிஸ் கல் முன்னால் வைத்தேன். அக்காதான் வரப்போவதில்லையே.

கன்னத்தைத் தட்டினதற்கும் அதிரசத்துக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

சங்கு நினைத்ததைவிடக் கனம். நடுவில் இருந்த நாலைந்து பேருக்கும், கால் பட்டால் மன்னிச்சுக்கோங்கப்பா என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர்களுக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை, கொடி மட்டும்தான். எங்கப்பா கொழும்பு தோட்டத்துக்குப் போய்க் காய்ச்சலில் செத்தபோது, எந்த மேட்டில் புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஒரு ஆள் வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும், சேலையில் என்ன மண் என்றாள் இந்து. உட்கார்ந்தேன் என்றேன்.

மே 26, திங்கள்

இதை விவரமாக எழுத வேண்டும்.

மதில் ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய காலத்து நீலச் சட்டை போட்ட ஆட்கள் நீளத் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். சர்ச்சிலிருந்து பாடுகிறவர்கள், பெரிய அதிகாரிகள், நாய்களோடு வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். நானும் இந்துவும் மூன்றாவது வரிசை. பட்டுச் சேலைதான் கட்டினேன். சாவுக்குப் பட்டா என்று இந்து கேட்டாள். கூப்பிட்டு மரியாதை செய்கிற நாள், இது சாவா என்றேன்.

கிளாரிஸ் வந்தாள். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை. நேராகத் தன் கல்லை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.  பிறகு கோப்பை இருந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று இந்துவின் தொடையைக் கிள்ளினேன். எதுக்கு அத்தை என்றாள். கொசு என்றேன்.

அப்போது கூட்டம் விலகியது. லவீனியா அக்கா வருகிறாள். வெள்ளை உடுப்பு, கைத்தடி. வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணின மனுஷி. நாற்காலியிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டேன். போய்த் தடுக்கவா, என்ன பாஷையில் தடுக்க? போன் இந்து பைக்குள். அக்கா யாரையும் பார்க்காமல் நடந்து போய், சங்கு இருந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். கிளாரிஸ் கல்லில். நாற்பது வருஷமாகத் தப்பு என்று சொன்ன கல்லில், நான் வைத்த சங்கை நம்பி, அந்த வயதில், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

எனக்கு வியர்த்துவிட்டது. அப்பனே சங்கரா, குனிய வைக்காதே, நம்பரைக் காட்டாதே என்று வேண்டிக்கொண்டேன்.

பேர் கூப்பிட ஆரம்பித்தார் ஒரு பெரியவர். நல்ல கம்பீரமான குரல். நிறையப் பேருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அப்படிப்பட்ட பேருக்கு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். காற்று மட்டும் அடிக்கும். பிறகு அடுத்த பேர். சில பேருக்கு எங்கிருந்தோ ஒரு குரல் வரும், "இங்கே" என்று. ஒரு சின்னப் பெண்பிள்ளை சொன்னாள், கூட்டம் முழுக்க மூக்கை உறிஞ்சியது.

"ஐசம் டாக்கெட்."

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "இங்கே." ஒருத்தி கனத்த குரல், இன்னொருத்தி கீச்சுக் குரல், ஆனால் ஒரே மூச்சு. ஒரு பேருக்கு ஒரு குரல்தான் என்று சட்டம் போட்ட கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூப்பிட்டவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். இந்தப் பக்கம் ஒரு கிழவி, அந்தப் பக்கம் ஒரு கிழவி. இன்னொரு தடவை கூப்பிட்டு சரி பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

பதில் சொல்ல ஆள் இல்லாத ஒரு பேருக்கு என் வாயும் ஏதோ முணுமுணுத்தது. இந்து திரும்பிப் பார்த்தாள். கொட்டாவியாக இருக்கும்.

மே 27, செவ்வாய்

சர்க்கரை 214. நேற்று அங்கே கேக் கொடுத்தார்கள். சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜன்னல் திரையை நானே இழுத்து மூடினேன்.

மே 28, புதன்

அக்காவே வந்துவிட்டாள். அடுக்களையில் உட்கார்ந்தாள். போனுக்குள் இருக்கிற ரேடியோக்காரனை நம்பாமல் இந்துவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். இந்து கேட்கக் கேட்க அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை. நீங்களா மாத்தி வச்சீங்க?"

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா என் கையைப் புளியோடு பிடித்துக்கொண்டு பேசினாள். இந்து சொன்னது அப்படியே: "நாப்பது வருஷமா பாக்குற நம்பரை நான் மறப்பேனான்னு கேக்குறாங்க. திங்கக்கிழமை விடியக்காலைல, ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்னு போயிருக்காங்க. சங்கு கிளாரிஸ் கல்லுல இருந்துச்சாம். எடுத்து வைக்கக் குனிஞ்சாங்களாம். அப்புறம் எடுக்கலையாம்."

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

 அக்காவுக்கு வயதாகிறதாம், மரத்திலிருந்து எண்ணச் சொன்ன பாட்டிக்கும் அப்போது வயதாகித்தான் இருந்தது. பாட்டி தப்பாக எண்ணியிருந்தால்? ராத்திரி படுத்தால் இந்த நினைப்புதானாம். கிளாரிஸ் கல்லிலும் ஒரு தடவை போய் நின்றுவிட வேண்டும், பூட்டன் அங்கேதான் படுத்திருந்தால் இவள் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைக்கக் கூடாது. ஆனால் தானாகப் போய் நின்றால் கிளாரிஸ் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். "சங்கு அங்க இருந்தா நான் அங்க நிக்கலாம்ல. அது என் குத்தம் இல்லையே" என்றாளாம்.

எவ்வளவு வீம்பு பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது இவளை.

கிளாரிஸுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றாள். பாவம், அவள் ஏமாந்துபோய் என் கல்லில் நின்றாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகும்போது, அடுத்த வருஷமும் இப்படிக் காற்றில் சங்கு நகர்ந்தால் நல்லது என்றாள்.

மே 30, வெள்ளி

சர்க்கரை 170.

கிளாரிஸ் வந்தாள். கையில் பீச் பழம் வைத்துச் சுட்ட ஏதோ பண்டம். லவீனியா அக்கா வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து வந்திருக்கிறாள். இந்தத் தடவை கத்தவில்லை, கன்னத்தையும் தட்டவில்லை. மெதுவாகப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சேலையில் மண்ணோடு கல்லறை வாசலிலிருந்து வெளியே வந்ததை அவள் தன் ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறாள். தெருச் சங்கத் தலைவி வேறு என்ன செய்வாள்.

துணி காயப்போட்டதற்கே வந்தவள், இதற்கு போலீஸோடு வருவாள் என்று நினைத்தேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதை இந்து எனக்குச் சொன்னபோது இந்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மதிலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். ஆனால் அந்த மதிலை ஒரு தடவை இடித்து, தள்ளிக் கட்டியிருக்கிறார்களாம். கிளாரிஸுக்கு அது பத்து வருஷமாகத் தெரியும். எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று தெரியாது. லவீனியாவிடம் சொன்னால் செத்தாலும் விடமாட்டாள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உங்க புண்ணியத்துல அந்தக் கல்லுலயும் ஒரு தடவை நின்னுட்டேன். லவீனியா கிழவிக்கு நம்பர்கூடத் தெரியல பாவம், சங்கைப் பாத்து என் கல்லுல வந்து நின்னா. அவகிட்டச் சொல்லிராதீங்க." அடுத்த வருஷமும் கோப்பை தானாக இடம் மாறினால் அவளுக்கு ஆட்சேபணை இல்லையாம். சேலையும் பின்பக்கமாக, தெருவுக்குத் தெரியாமல் காயப்போட்டுக்கொள்ளலாமாம்.

அவள் கொண்டுவந்த பண்டத்தில் ஒரு கடி கடித்தேன். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி வைக்கலாம் என்றுதான் இருந்தேன். நன்றாக இருந்தது. முழுசும் தின்றுவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

டிக்கெட் போட்டாச்சு. ஜூலையில் ஊருக்கு. அடுத்த வருஷம் வருவேனா என்பதை விசாக்காரன் சொல்ல வேண்டும், முட்டி சொல்ல வேண்டும்.

அதனால் காய்கறி நறுக்கும்போது இந்துவிடம் வேலையை ஒப்படைத்தேன். மே மாதக் கடைசித் திங்களுக்கு முந்தின ஞாயிறு, சாயங்காலம், சங்கு அங்கே, கோப்பை இங்கே. சங்கைத் தூக்கும்போது அடியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். நடுவில் இருக்கிறவர்களுக்கும் ஒரு பூ வைத்துவிட்டு வா என்றேன்.

முடியாது என்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அவங்களே மாத்தி வச்சிருந்தா என்ன பண்றது அத்தை?"

"அப்பவும் மாத்து. எப்படி வச்சாலும் நீ மாத்து. ரெண்டு பேரும் ரெண்டு கல்லுலயும் நிக்கணும், அவ்வளவுதான்."

"பேசாம ரெண்டு பேர்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டா என்ன? ஒண்ணாப் போயி ரெண்டு கல்லுலயும் நிப்பாங்கல்ல."

"சொல்லிப் பாரு. ஆளுக்கு மூணாவதா ஒரு கல்லைக் கண்டுபிடிச்சிட்டு வருவாங்க."

இந்து சிரித்தாள். இந்த வீட்டுக்கு நான் வந்து இத்தனை நாளில் அவள் வாயைத் திறந்து சிரித்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மேல்வரிசையில், உள்ளே, ஒரு கடைவாய்ப்பல் இல்லை. பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. குறித்து வைக்கிறேன்.